ஹால்ஸ்டாட்: உப்பின் தடம்பற்றி ஓர் ஆல்ப்ஸ் சிற்றூரைப் பார்ப்பது எப்படி

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்கு வருவோரில் பலர் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் பேருந்து ஏறிவிடுகிறார்கள். ஏறத்தாழ 750 பேர் மட்டுமே வசிக்கும் ஊர்தான் என்றாலும், அதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்குங்கள். இந்த ஊர் பிறந்ததே மலைக்குள் புதைந்திருக்கும் உப்பால் என்பதால், முதலில் மலைமேல் ஏறி, பிறகு ஊருக்குள் இறங்குவதே சரியான வரிசை என்பது என் கருத்து.

சால்ஸ்பர்க்கிலிருந்தோ வியன்னாவிலிருந்தோ வருபவர்கள் அட்னாங்-புக்ஹைம் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். ஹால்ஸ்டாட் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது; அங்கிருந்து ஒரு சிறிய படகு உங்களை ஊருக்குக் கொண்டுசேர்க்கும். மேற்குக் கரையோரமாகச் சாலை போடப்பட்டதே 1890இல்தான். அதுவரை படகிலோ ஒற்றையடிப் பாதையிலோதான் ஊருக்கு வர முடிந்தது. ஆகவே, கார் வசதி இருந்தாலும் படகில் வந்து இறங்குவதையே பரிந்துரைக்கிறேன். மாலையில் படகுச் சேவை சீக்கிரமே முடிந்துவிடும் என்பதால், கடைசிப் படகின் நேரத்தை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு நேராக உப்புச் சுரங்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஏற்றிச் செல்லும் மலை ரயில் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் காலங்களும் உண்டு. கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. மேலே உள்ள பள்ளத்தாக்கில்தான், 1846இல் சுரங்க அதிகாரி யோஹான் கியோர்க் ராம்சவர் ஒரு பழங்கால இடுகாட்டைக் கண்டறிந்தார். 1863 வரை ஏறத்தாழ 980 கல்லறைகளைத் தோண்டிய அவர், எலும்புகளும் அணிகலன்களும் கிடந்த நிலையை அப்படியே வண்ணப்படங்களாகப் பதிவுசெய்ய வைத்தார். அந்த அக்கறையை எத்தனை பாராட்டினாலும் தகும். கி.மு. 800 முதல் 450 வரையிலான ஐரோப்பாவின் தொடக்க இரும்புக்காலம் இந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சுரங்கத்துக்குள் எப்போதும் 8 டிகிரி செல்சியஸ் குளிர்தான். கோடையிலும் கம்பளிச் சட்டை தேவை. உள்ளே நிதானமாகப் பார்க்க வேண்டியது மரப் படிக்கட்டு. கி.மு. 1344, 1343 ஆண்டுகளில் வெட்டிய மரத்தால் ஆன அந்தப் படிக்கட்டு, உப்புக்குள் புதைந்திருந்ததால் மட்காமல் 2002இல் வெளிப்பட்டது. பக்கவாட்டு மரங்களில் காடி வெட்டி, படிப்பலகைகளை அவற்றில் செருகியிருக்கும் விதத்தை அருகில் நின்று கவனியுங்கள். 1734இல் இதே உப்பு, பழங்காலச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் உடலையும் கெடாமல் காத்துக் கொடுத்தது.

இறங்கிய பின் நடக்கத் தெம்பிருந்தால் உப்புநீர்க் குழாய்ப் பாதையில் சிறிது தூரம் செல்லலாம். ஊரில் உப்பைக் காய்ச்ச விறகு போதாமையால், 1595இல் தொடங்கி, சுமார் 13,000 மரங்களைக் குடைந்து குழாய்களாக இணைத்து, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபென்ஸே வரை உப்புநீரைக் கொண்டுசென்றார்கள்.

ஊருக்குள் சந்தைச் சதுக்கம் அழகானது. 1750இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட பகுதி அது. எல்லோரும் படமெடுக்கும் வடக்குச் சந்து குடியிருப்புப் பகுதி என்பதை மறவாமல், விடியற்காலையில் ஓசையின்றிச் சென்று வாருங்கள்.

கத்தோலிக்க ஆலயத்தை ஒட்டிய எலும்பு மாடத்துக்கு மட்டும் அவசரமில்லாத நேரம் ஒதுக்குங்கள். மலைக்கும் ஏரிக்கும் நடுவே கல்லறைத் தோட்டத்துக்கு இடம் போதாததால், புதைத்த சில ஆண்டுகளில் எலும்புகளை எடுத்து, மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, பெயரும் இறந்த ஆண்டும் எழுதி அடுக்கினார்கள். ஏறத்தாழ 1,200 மண்டையோடுகளில் 610 வண்ணம் தீட்டப்பட்டவை. நெற்றியைச் சுற்றி ரோஜா மாலையோ ஓக் இலைகளோ படர்ந்திருக்கும். ஒரே குடும்பத்தினர் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். சிலுவையின் அருகே, தங்கப்பல்லோடு இருக்கும் ஒரு பெண்மணியின் மண்டையோடுதான் கடைசியாக வந்தது. அவர் தாமே விரும்பிக் கேட்டுக்கொண்டபடி 1995இல் அங்கே வைக்கப்பட்டது.