மொரிசியஸ் பயணம்: காற்றறிந்து கரையைத் தேர்ந்தெடுங்கள்

மொரிசியஸ் தீவின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர். இவ்வளவு சிறிய தீவில் எந்தக் கரையில் தங்கினாலும் ஒன்றுதான் என்று எண்ணி, விலை குறைந்த விடுதியைப் பதிவு செய்துவிடுவது பலரும் செய்யும் தவறு. அங்கே ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது; ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான குளிர்காலத்தில் அதன் வேகம் கூடுகிறது. அந்த மாதங்களில் செல்பவர்கள், வெண்மணலுக்குப் பெயர்பெற்ற கிழக்குக் கரையின் பெல் மாரை விட்டு, மலைகளின் மறைவில் அமைதியாகக் கிடக்கும் மேற்குக் கரையின் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கையோ வடமேற்கின் துரூ ஓ பிஷையோ தேர்ந்தெடுப்பது நல்லது. காற்று தணிந்து, வெயிலும் அளவாக இருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சுற்றுலாப் பயணிகள் முன்கூட்டியே விசா பெற வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டும், தங்குமிடம் பதிவு செய்ததற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும்.

தீவைப் பெரும்பாலும் பவளப்பாறைத் தொடர் சூழ்ந்திருக்கிறது. பேரலைகள் அந்தப் பாறைகளிலேயே உடைந்துவிடுவதால், கரையை ஒட்டிய நீர்ப்பரப்பு ஆழமின்றித் தெளிந்திருக்கிறது. நீச்சலில் தேர்ச்சியில்லாதவர்களும் அங்கே இறங்கலாம். தெற்கே சூயாக் ஊரை அடுத்த கிரி கிரி கரையில் இந்தப் பாறைத் தொடர் இல்லை. அலைகள் நேரே பாறைச் சரிவில் மோதும் அந்த இடத்தில் நின்று பார்க்கலாமே தவிர, நீரில் கால் வைக்கக் கூடாது. மற்றக் கரைகளிலும் கடல்முள்ளிகளும், கல்லைப் போலவே தோன்றும் நச்சுமீனும் இருப்பதால், ரப்பர் காலணி அணிந்தே இறங்குங்கள். பவளத்தின் மேல் ஒருபோதும் ஏறி நிற்காதீர்கள். அது உயிருள்ள பொருள், மிதித்தால் உடையும், மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

இயற்கையைக் காண ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், அதை ஈல் ஓஸ் எக்ரெட் என்னும் குட்டித் தீவுக்குக் கொடுங்கள். தென்கிழக்குக் கரையிலிருந்து படகில் சில நிமிடங்களில் சென்றடையக்கூடிய, 26 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள இந்தக் காப்பகத்தில், மனிதர்கள் வந்து குடியேறுவதற்கு முன் மொரிசியசின் கடலோரக் காடு எப்படி இருந்ததோ அதை மீட்டெடுத்து வருகிறார்கள். தீவின் சொந்த ஆமை இனங்கள் அழிந்துபோய்விட்டதால், கருங்காலி மரத்தின் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பும் வேலையை இப்போது சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் பேராமைகள் செய்கின்றன. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்து அளவிலேயே எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாவையும் இங்கே பார்க்கலாம். டோடோ பறவையை இழந்த நாடு, இன்னொரு பறவையை இழக்காமல் காப்பாற்றியிருக்கிறது என்பதை நேரில் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி என்பதால் முன்பதிவு அவசியம். மலை நடையை விரும்புகிறவர்கள் தென்மேற்கிலுள்ள பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்கு விடியற்காலையிலேயே செல்ல வேண்டும். பிற்பகலில் மேகம் இறங்கிப் பள்ளத்தாக்கை மறைத்துவிடும்.

தலைநகரான போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்னும் பழைய குடியேற்றத் துறையைத் தவறவிடாதீர்கள். 1834இல் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய கற்படிகள் இன்றும் இருக்கின்றன. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அதற்கு நூறாண்டுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்றிருந்தார்கள். மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் காணும்போது அந்த வரலாறு கையில் படுகிறது. ஆனால் அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. தமிழில் பேசிப் பதில் வராவிட்டால் அதைக் குறையாகக் கருதாதீர்கள். கடல் கடந்து பல தலைமுறைகள் ஆன பின்னும் அவர்கள் காவடியை விடவில்லை.

தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள். காத்ர் போர்ன் ஊரில் மலைச்சரிவில் அமைந்துள்ள முருகன் கோயிலுக்கு அன்று செல்வது பெரும் பேறு. காலணிகளைக் கழற்றிவிட்டு, அலகு குத்திக்கொண்டு வரும் அடியார்களின் வழியை மறைக்காமல், அனுமதி கேட்ட பின்னரே படம் எடுங்கள். ஒன்றை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்: பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே அங்கே புயல் மாதங்களும் ஆகும். காவடிக்காகச் செல்பவர்கள் இரண்டு மூன்று நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, மாற்றக்கூடிய பயணச்சீட்டையே வாங்க வேண்டும். புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளில் அறிவிக்கப்படும்; எண் உயர உயர ஆபத்து நெருங்குகிறது என்று பொருள்.

உணவுக்கு விடுதியையே நம்பாமல், தெருவோரக் கடையில் தால் புரி வாங்கி உண்ணுங்கள். வேகவைத்து அரைத்த கடலைப்பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி அது.

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருப்பதால், கடைசி இரவை மாஹெபூர் ஊரில் கழிப்பது வசதி. அது ஞாயிறு இரவாக அமைந்தால், மறுநாள் காலை அங்கே கூடும் திங்கட்கிழமைச் சந்தையைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள புளூ பே கடற்பூங்காவில் கண்ணாடித் தளப் படகில் பவளங்களைக் கண்ட பிறகும், மாலை விமானத்துக்கு நேரம் இருக்கும்.