சுளுக்கு, பிடிப்பு, தீராத வலி: கையால் செய்யும் தசைச் சிகிச்சையை முயன்று பார்க்கும் முறை

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவரின் கடுக்கும் கெண்டைக்கால், திருவிழாக் கபடியில் இழுத்துக்கொண்ட பின்தொடை, திருப்பூர் பனியன் கம்பெனியில் பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தவரின் கழுத்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போய்த் திரும்பியவரின் இடுப்பு என்று கொங்கு நாட்டில் எந்த வலிக்கும் முதலில் சொல்லப்படும் மருந்து ‘நீவி விட்டால் சரியாகிவிடும்’ என்பதே. சில வலிகளுக்கு அது உண்மை, சிலவற்றுக்கு ஆபத்து. தசை, தசைநாண், அவற்றைச் சூழ்ந்த திசுப்படலம் ஆகியவற்றைக் கையால் அழுத்தியும் தேய்த்தும் இழுத்தும் செய்யும் இச்சிகிச்சையை முயல விரும்புவோர், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

உள்ளே இருக்கும் முடிச்சுகளைக் கை உடைக்கிறது என்றும், தேங்கிய லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது என்றும் பலரும் விளக்கம் தருவார்கள். ஓட்டத்தில் சேரும் லாக்டிக் அமிலம் ஓய்வெடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். மறுநாள் வரும் தசைவலிக்கு அது காரணமன்று. தடித்த திசுப்படலங்களும் கை அழுத்தத்தால் நிரந்தரமாக நீண்டுவிடும் அளவுக்கு மென்மையானவை அல்ல. கை செய்யும் வேலை பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வழியாகவே நடக்கிறது. தொடுதலும் அழுத்தமும் வலி உணர்வைத் தணிக்கின்றன, பயந்து இறுகியிருந்த தசை தளர்கிறது, மூட்டு சற்று அதிகமாக அசைய இடம் கிடைக்கிறது. இந்த நிவாரணம் சில மணி நேரமோ சில நாட்களோ நிற்கும். அந்த இடைவெளியில் நோயாளி என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மீதி அமையும்.

யார் நீவிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெடுந்தூரம் உட்கார்ந்தே பயணம் செய்த பிறகோ, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர்கள், எலும்பின் அடர்த்தி குறைந்து வலுவிழந்தவர்கள், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள், காய்ச்சலோ தோல் தொற்றோ உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்காமல் ஆழ்ந்த அழுத்தத்துக்கு உடன்படக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர், மலத்தை அடக்க முடியாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், காலில் வலு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் அது அவசர நிலை.

புதிதாகப் பட்ட அடிக்கும் உடனே கை வைக்கக் கூடாது. கபடியில் எதிராளியின் முழங்கால் தொடையில் மோதி இரத்தம் கட்டிய இடத்தை முதல் சில நாட்களில் பலமாகத் தேய்த்தால் உள்ளே கசிவு கூடும். அரிதாக அந்தத் தசைக்குள் எலும்பே உருவாகிவிடுவதும் உண்டு. கணுக்கால் பிசகினால், காயம் பட்ட உடனேயும் பின்னர் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளின் சாரம் இது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று தெரிந்த பிறகே சுளுக்கெடுப்பவரைப் பற்றி யோசிக்கலாம்.

யாரிடம் செல்வது என்ற கேள்விக்கு என் விடை, நோயைக் கண்டறியப் பயின்றவரிடம் முதலில் செல்ல வேண்டும் என்பதே. பி.பி.டி. பட்டம் பெற்ற பிசியோதெரபி நிபுணர்கள் இன்று தாலுகா ஊர்களிலும் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இப்பிரிவு உண்டு. வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள், கையால் அழுத்தியும் தேய்த்தும் செய்யும் தொக்கணமும் ஒன்று. அதைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் பெறலாம். பரம்பரையாகச் சுளுக்கெடுப்பவர்களில் பலருக்குக் கை நேர்த்தி அபாரமாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முறிவையும் சுளுக்கையும் விரலால் மட்டுமே பிரித்தறிய முடியாது. கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதற்கு மட்டும் யாரிடமும், முடிதிருத்தும் கடையில் கூட, இணங்க வேண்டாம். மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் அரிதாயினும் உண்டு.

முதல் அமர்விலேயே சிகிச்சையாளரின் தரம் தெரிந்துவிடும். வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, என்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள் என்று கேட்டு, உங்களை நடக்கவும் குனியவும் வைத்துப் பார்த்த பிறகே நல்லவர் கை வைப்பார். எந்த இடத்தை ஏன் தொடுகிறார், எந்த அளவுக்கு ஆடை விலக்க வேண்டும் என்பதைச் சொல்லி ஒப்புதல் கேட்பார். பெண்கள் பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம், அல்லது வீட்டார் ஒருவரை அறையில் உடன் வைத்துக்கொள்ளலாம். வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டால், அழுத்தம் நான்கைந்தைத் தாண்டும்போதே சொல்லிவிட வேண்டும். அலற அலற அமுக்கினால்தான் சுளுக்கு போகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. மறுநாள் தோல் கன்றிப்போவது சிகிச்சை பலித்ததன் அடையாளமும் அன்று. எந்தத் தைலம் என்பதைப் பற்றியும் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை, கை வழுக்கிச் செல்ல உதவுவதே அதன் முதன்மையான வேலை.

பலன் கிடைத்ததா என்பதை ‘பரவாயில்லை’ என்ற சொல்லால் அளக்க முடியாது. உங்களுக்கு வலிக்கும் ஓர் அசைவைத் தேர்ந்தெடுங்கள். கெண்டைக்கால் வலி என்றால் ஒற்றைக் காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறது என்பதையும், கழுத்து வலி என்றால் தலையை எவ்வளவு தூரம் திருப்ப முடிகிறது என்பதையும் சிகிச்சைக்கு முன், முடிந்தவுடன், மறுநாள் காலை என மூன்று வேளையும் குறித்து வையுங்கள். மறுநாள் காலைக் கணக்கே முக்கியமானது.

தளர்வு கிடைத்த அன்றே மிதமான பயிற்சியைத் தொடங்க வேண்டும். குதிகால் நாண் வலிக்கு 1998-இல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் வெளியிட்ட முறை இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கிறது: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை, முழங்காலை நேராக வைத்தும் சற்று மடக்கியும், ஒவ்வொன்றும் 15 முறை வீதம் மூன்று சுற்றுகளாக, நாளுக்கு இரு வேளை, 12 வாரம் செய்வது. நீவுதல் மட்டும் அந்த நாணுக்கு இந்த வலுவைத் தராது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் திசுக் காயம் பெரும்பாலும் ஆறியிருந்தும், நரம்பு மண்டலம் மிகையாக எச்சரித்துக்கொண்டே இருப்பது உண்டு. தூக்கமின்மையும் அச்சமும் அதைக் கூட்டும். தையல் இயந்திரத்தில் இருப்பவர் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யாமலும், இடையிடையே எழுந்து தோளைச் சுழற்றாமலும் வாரந்தோறும் கழுத்தை நீவிக்கொண்டே இருந்தால், செலவு தொடரும், வலியும் தொடரும்.

நான்கு முதல் ஆறு அமர்வுகளுக்குள் நீங்கள் குறித்த அளவு முன்னேறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபரிசோதனை கேளுங்கள். தொடக்கத்திலேயே இருபது அமர்வுக்குப் பணம் கட்டச் சொல்லும் இடத்தைத் தவிர்க்கலாம். இடையே வீட்டில் டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் தோளுக்கும் நடுவே வைத்து ஓரிரு நிமிடம் உருட்டிக்கொள்வது போதும். முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்புறத்திலும் அதை வைக்கக் கூடாது. ஆழ்ந்த அழுத்தத்தை முதன்முறையாக முயல்பவர்கள், போட்டிக்கோ பழனிப் பாதயாத்திரைக்கோ முந்தின நாளில் அதைச் செய்துகொள்ளாமல், ஒரு வாரம் முன்னதாகவே செய்து தம் உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.