பழைய பொம்மை ரயிலை மறுபடி ஓட வைக்க

பழைய எலக்ட்ரிக் ரயில் செட் கிடைச்சா உடனே பவர் குடுத்துடாதீங்க, முதல்ல வயரோட உறை வெடிச்சிருக்கான்னு பாருங்க. ஓடாம நிக்கிறதுக்கு நிறைய நேரம் மோட்டார் காரணமில்ல, சக்கரத்துலயும் தண்டவாளத்துலயும் படிஞ்ச கருப்பு அழுக்குதான். காட்டன் பட்ஸ்ல ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, பஞ்சு கருப்பாகாம வர்ற வரைக்கும் பொறுமையா துடைங்க, உப்புத்தாள் மட்டும் வேணவே வேணாம், கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரமா சேரும். சக்கரத்தை இணைக்கிற கம்பியான ஆக்சில்ல ஊசி முனையால ஒரே சொட்டு லைட் ஆயில் போதும். மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் பக்கம் எண்ணெய் போகக்கூடாது.

தகர ரயிலா இருந்தா தயவுசெஞ்சு பெயிண்ட் அடிக்காதீங்க, தேஞ்சிருந்தாலும் அந்த ஒரிஜினல் கலருக்குத்தான் மதிப்பே. தண்டவாளம் வாங்குறப்ப கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளிய அளந்துக்கோங்க, ஓ கேஜ்னா 32 மி.மீ., அதைவிட சின்ன ஹெச்ஓ அளவுன்னா 16.5 மி.மீ. அலமாரில வெயில் படாத இடமா பாத்து வைங்க.