பட்ஜிக்கு வீட்டிலேயே புல் வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கடலூரில் கடைக்குப் போய் பட்ஜி என்று கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. லவ் பேர்ட்ஸ் என்றால்தான் கூண்டைக் காட்டுவார்கள். உண்மையில் லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. நாம் வளர்க்கும் இந்தச் சின்னக் கிளி ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. மழை பெய்து புல் கதிர் விட்ட இடத்தைத் தேடிக் கூட்டங்கூட்டமாகப் பறந்து போய், அந்த விதைகளைத் தின்றுதான் குஞ்சு பொரிக்கும். அப்படிப்பட்ட பறவைக்கு ஆண்டு முழுக்கக் காய்ந்த தினையை மட்டும் கிண்ணத்தில் போடுகிறோம். அதனால் தட்டில் கொஞ்சம் புல் வளர்த்துக் கொடுக்க நினைப்பது நல்ல எண்ணம்தான்.

ஆனால் ஒன்றை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். பத்து ஒரு ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான் அது. நமக்கு ஒன்றும் செய்யாத துளி மருந்தும் துளிப் பூசணமும் அதற்குப் பெரிய அளவு.

முதல் தவறு விதையிலேயே நடக்கிறது. மளிகைக் கடையில் தினை அரிசியும் சாமை அரிசியும் வாங்கி வந்து ஊறவைத்துவிட்டு, நாலு நாளாகியும் முளைக்கவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். உமி நீக்கித் தீட்டிய அரிசி எப்படி முளைக்கும்? உமியோடு இருக்கும் தினை, சாமை, குதிரைவாலி, பனிவரகு வேண்டும். பறவைத் தீவனம் விற்கும் கடையில் இவை கிடைக்கும். கம்பும் கேழ்வரகும் என்றால் மளிகைக் கடையிலேயே வாங்கலாம், நன்றாக முளைக்கும். இன்னும் சிலர் நேராக உரக்கடைக்குப் போய் விதைப் பொட்டலம் வாங்குகிறார்கள். அது சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் பூஞ்சணக் கொல்லி கலந்த விதை நேர்த்தி செய்தது என்று அர்த்தம். நிலத்தில் விதைக்க அது சரி. எத்தனை முறை கழுவினாலும் பறவைக்கு ஆகாது.

அடுத்து, எல்லாப் புல்லும் ஒன்று என்று நினைப்பது. சோளம் வேண்டவே வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு செத்த கதை நம் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குருத்திலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். காய்ந்த சோள மணியைத் தின்னக் கொடுக்கலாம், முளையும் குருத்தும்தான் ஆபத்து. வரகையும் நான் தவிர்க்கச் சொல்வேன், மேலே சொன்ன பனிவரகு வேறு தானியம். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகு மயக்கம் தரும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தன. அவை தின்ற வரகுப் பயிரில் பூஞ்சணம் பிடித்திருந்தது, ஆய்வில் அந்த நஞ்சுதான் தெரிந்தது. யானைக்கே அந்தக் கதி.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். கடலூரானாலும் புதுச்சேரியானாலும் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மாடியிலிருந்த தட்டுகளை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மூலையில் அடுக்கி வைத்தேன். மூன்று நாள் வெயிலும் இல்லை, மின்விசிறியும் இல்லை. நாலாம் நாள் பார்த்தால் மூன்று தட்டில் இரண்டு நாறிப்போயிருந்தன. பறவைக்குக் கொடுப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது நல்ல காலம்.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பூசணம் என்று பயப்படவும் வேண்டாம். முளைத்த இரண்டாம் மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது வேர்த்தூவி. அது ஒவ்வொரு வேரையும் ஒட்டியே சீராக நிற்கும். தண்ணீர் தெளித்தால் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், வாடையும் இருக்காது. பூசணம் அப்படி இல்லை. சிலந்தி வலை மாதிரி ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்குத் தாவிப் படரும். தண்ணீர் தெளித்தாலும் அப்படியே நிற்கும். மூக்கருகே கொண்டுபோனால் புழுங்கின துணியின் நாற்றம் வரும். அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், தட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். பறவைக்கு நுரையீரலோடு உடம்பெங்கும் காற்றுப் பைகள் உண்டு. பூசணத் தூள் உள்ளே போய்த் தங்கிவிட்டால் குணப்படுத்துவது மிகவும் கடினம்.

பூசணம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஆசைதான். விதையை அள்ளி இரண்டு மூன்று அடுக்காகப் பரப்புகிறோம், ஒரு நாள் முழுக்க ஊறப்போடுகிறோம், அடியில் ஓட்டை இல்லாத தட்டில் தண்ணீரைத் தேங்க விடுகிறோம். இந்த வெயிலுக்கு எட்டு மணி நேரம் ஊறினால் போதும். மூன்று முறை அலசி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். காற்று ஓடும் இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரையும் மண்ணையும் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத் தெருக்களில் பல வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் புல்லின் நுனி பழுத்துக் கருகும், தட்டின் ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரியும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். தேங்காய் நார்த்தூளிலும் உப்பு இருக்கலாம், ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். பச்சைச் சாணம், யூரியா, பூச்சி மருந்து எதுவும் வேண்டாம். பத்து நாளில் அறுக்கப்போகும் புல்லுக்கு உரமே தேவையில்லை. கொசு மருந்துப் புகை வண்டி தெருவுக்கு வரும் நாளில் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள்.

நாமே வளர்ப்பதற்குப் பதில் வெளியே பறிக்கலாமே என்று தோன்றும். ரோட்டோரப் புல்லில் வண்டிப் புகையும் நாய் மூத்திரமும் இருக்கும். வயல் வரப்பில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் பக்கம் அருகம்புல் கட்டுக்கட்டாக விற்கிறது, ஆனால் எங்கே பறித்தது என்று யாருக்குத் தெரியும்? அருகம்புல் பறவைக்கு நல்லதுதான். அதனால் ஒரு கொடியை வாங்கித் தொட்டியில் நட்டுவிடுங்கள். புதிதாகத் துளிர்க்கும் இலையை மட்டும் கொடுங்கள்.

எப்போது அறுப்பது? கம்பும் கோதுமையும் ஏழெட்டு நாளில் நாலு விரல் உயரத்துக்கு வந்துவிடும், அதுதான் பதம். முற்றி நாராகிவிட்ட நீளமான தாளைக் கொடுத்தால் இரைப்பையில் சிக்கிக்கொள்ளக் கூடும். தட்டை அப்படியே கூண்டுக்குள் வைப்பதும் தவறு. ஒரு மணி நேரத்தில் எச்சமும் மண்ணும் புல்லும் ஒன்றாகிவிடும். கத்தரித்துக் கழுவி, சின்னக் கட்டாகக் கட்டிக் கம்பியில் செருகுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பொறுமை இருந்தால் இரண்டு செடிகளைத் தொட்டியில் கதிர் விட விடுங்கள். தினைக் கதிரில் ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். பால் போல வெள்ளையாகப் பிதுங்கினால் அதுதான் பட்ஜிக்கு விருந்து. மாவாகிவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடும். கம்புக் கதிரில் மட்டும் கவனம் வேண்டும். பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் தேன் ஒழுகல் நோய் வரும். பிசுபிசுப்பான துளிகளும், பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருத்த கட்டியும் தெரிந்தால், அந்தக் கதிரில் நஞ்சு இருக்கிறது. பறித்து எறிந்துவிடுங்கள்.

புல் கொடுக்கிறோம் என்பதற்காக மற்றதை நிறுத்தக் கூடாது. தானியம், முருங்கைக் கீரை, கேரட் துருவல் எல்லாம் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. தேவனாம்பட்டினம் கடற்கரையிலேயே ஒதுங்கிக் கிடக்கும், நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டாலும் தருவார்கள். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துத் தொங்கவிடுங்கள்.

பச்சை தின்ற அன்று எச்சம் கொஞ்சம் நீர்த்துப் போகும். பறவை சுறுசுறுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். இறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, தீனியைத் தொடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். புதுச்சேரி குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அன்றைக்கே கொண்டுபோங்கள்.

கடைசியாக, இரண்டு நாள் பார்த்துவிட்டு 'எங்க பறவைக்குப் புல் பிடிக்கல' என்று விட்டுவிடுகிறார்கள். பட்ஜி புதிய பொருளைக் கண்டால் பயப்படும். எங்கள் வீட்டுப் பறவைகள் ஐந்து நாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆறாம் நாள் காலையில் கழுவின ஈரத்தோடு வைத்தேன். பச்சைப் பெட்டை முதலில் வந்து ஒரு நுனியைக் கடித்தது. அப்புறம் தலையை உள்ளே நுழைத்து, இறகை விரித்து, அந்த ஈரத்திலேயே புரண்டு குளித்தது. அதனால் காலை வேளையிலேயே வையுங்கள். சாயங்காலத்துக்குள் இறகு காய்ந்துவிட வேண்டும்.