கடலூர் மொட்டை மாடிக்கு எந்த டெலஸ்கோப்?

பெட்டி மேல் ‘525 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்று போட்டிருந்தால், அதை அப்படியே கடையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டெலஸ்கோப் குழாயின் குவியத் தூரத்தை (லென்ஸோ ஆடியோ ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம்), கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். ஐபீஸை மாற்றினால் அந்த எண்ணும் மாறும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்குதான் எல்லை. அதற்கு மேல் போனால் சனிக்கோள் கலங்கிப்போய்த்தான் தெரியும்.

கேட்க வேண்டியது முன்பக்க வாயின் விட்டத்தை. 70 மி.மீ.யை விட 130 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய மூன்றரை மடங்கு வெளிச்சம் பிடிக்கும்.

அடுத்தது ஸ்டாண்ட். எங்கள் மஞ்சக்குப்பம் மாடியில் சாயங்காலம் கடல் காற்று எழும்பினால், மெல்லிய முக்காலியில் வைத்த டெலஸ்கோப்பில் வியாழன் ஒரு இடத்தில் நிற்காது. கடையிலேயே தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்து, குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று நொடியில் அடங்க வேண்டும்.

வானம் சுழல்வதோடு சேர்த்துக் குழாயைத் திருப்பும் ‘எகுவடோரியல்’ ஸ்டாண்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து அமைக்க வேண்டும். நாம் இருப்பது 12 டிகிரிக்கும் குறைவான அட்சரேகையில். துருவ நட்சத்திரம் வடக்கே அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், பக்கத்து வீட்டுத் தென்னை மரமே மறைத்துவிடும். அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் சில ஸ்டாண்டுகளில் குழாயைச் சமன் செய்ய மாட்டும் எடைக்கட்டி முக்காலியின் காலில் இடிக்கும். முதல் டெலஸ்கோப்புக்கு இந்த வம்பு வேண்டாம்.

என் ஓட்டு டாப்சோனியனுக்குத்தான். தரையில் உட்காரும் மரப்பெட்டி, அதன்மேல் குழாய், கையால் தள்ளினால் திரும்பும், அவ்வளவுதான். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப்புக்கு ஆடி செய்தவர். 6 அங்குல டாப்சோனியனுக்குக் குவியத் தூரம் பெரும்பாலும் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120. சனியின் வளையத்துக்கும் நிலாவின் பள்ளங்களுக்கும் இது தாராளம். ஆனால் குழாய் நாலடி நீளம் வரும், மாடிப்படி குறுகலாக இருந்தால் 130 மி.மீ. மேசை மாடலை வாங்கி ஸ்டூல் மேல் வையுங்கள். இரண்டுக்குமே பணம் போதவில்லையா, 10x50 பைனாகுலர் (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) போதும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தை பிறந்தபின் வாங்குங்கள். வெயிலில் காய்ந்த தளம் ராத்திரி வெகுநேரம் அனல் விடும், படம் நெளியும். வீட்டுக்குள் இருந்த குழாயின் சூடும் அப்படித்தான் செய்யும். அதனால் குழாயை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஏறுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் கொடுத்து வைத்தவர், கிழக்கே கடல் மேல் வெளிச்சமே இருக்காது. சித்திரையில் நள்ளிரவு வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைத் தேடுங்கள். லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை.

உப்புக்காற்றும் பனியும்தான் நம் ஊர்ப் பகை. ஈரத்தோடு மூடினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறியில் உலரவிட்டு, ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஆடியைத் துண்டால் துடைக்கவே கூடாது, பூச்சு போய்விடும்.

பெட்டியில் ஐபீஸில் திருகுகிற சூரிய ஃபில்டர் ஒன்று வந்தால், பிள்ளைகள் கையில் படும் முன் உடைத்துக் குப்பையில் போடுங்கள். அது சூட்டில் விரிசல் விடும், கண் போய்விடும். சூரியனைப் பார்க்கும் ஃபில்டர் குழாயின் வாயை முழுவதும் மூடுவதாக இருக்க வேண்டும்.