கொழும்பில் பஸ் பாதை மாறினால், ரயில் நின்றால்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

"அக்கா, இண்டைக்கு ரயில் ஓடுமா?" வெள்ளவத்தையில் அறை எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே எனக்கு அனுப்பும் செய்தி இது. ஓடுமா ஓடாதா என்று என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓடாவிட்டால் எதில் ஏறுவது என்பதை மட்டும் முதல் நாள் இரவே முடிவு செய்து வைக்கலாம். அதற்கான பழக்கங்களைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிறவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மூன்று வழிகளை எழுதி வையுங்கள்

முதலாவது, கரையோர ரயில். வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு தாண்டிக் கோட்டை வரும். இரண்டாவது, காலி வீதி பஸ். பாணந்துறையிலிருந்து வரும் 100, மொரட்டுவையிலிருந்து வரும் 101 இரண்டுமே கோட்டைக்கு அடுத்துள்ள புறக்கோட்டைக்குப் போகும். இந்த இரண்டோடு எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். ரயில் நின்ற நாளில் அந்தக் கூட்டம் முழுதும் காலி வீதிக்குத்தான் வரும். 100 வந்தாலும் மிதிபலகையில்கூடக் கால் வைக்க இடம் இராது.

ஆகவே மூன்றாவது வழிதான் முக்கியம். டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் உள்ளே பாமன்கடைக்குப் போங்கள். அங்கே ஹொரணை–புறக்கோட்டை 120 ஹெவ்லொக் வீதியால் வரும். இன்னும் உள்ளே கிருலப்பனைக்குப் போனால் ஹைலெவல் வீதியில் மஹரகமப் பக்கமிருந்து வரும் 138 கிடைக்கும். கடற்கரைப் பக்கம் என்ன நடந்தாலும் இந்த இரண்டு வீதிகளும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வழியால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவசரமான நாளில் முதன்முறையாகத் தேடப் போனால் தடுமாறுவீர்கள்.

படி 2: போகும் வீதி வேறு, திரும்பும் வீதி வேறு

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் காலி வீதி கோட்டைப் பக்கம் போகும் ஒருவழிப் பாதை. திரும்பி வரும் பஸ்கள் டூப்ளிகேஷன் வீதியால், அதாவது ஆர்.ஏ. டி மெல் மாவத்தையால் வரும். காலையில் இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் மாலையில் நின்றால் பஸ்ஸே வராது. "சேவையை நிறுத்திவிட்டார்கள் போல" என்று நினைத்துக்கொண்டு ஓட்டோவுக்குக் காசு கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு குறுக்குத் தெருவைத் தாண்டியிருந்தால் பஸ் கிடைத்திருக்கும்.

படி 3: செய்தியில் மூன்று விடயங்களைத் தேடுங்கள்

"ரயில் சேவைகள் பாதிப்பு" என்று ஒரு வரி வட்ஸ்அப்பில் வந்தவுடன் பதறாதீர்கள். எந்தப் பாதை, எந்தத் திகதி, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று பாருங்கள். கொழும்பிலிருந்து பிரதான பாதை, கரையோரப் பாதை, களனிவெளிப் பாதை, புத்தளம் பாதை என்று தனித்தனியாகப் பிரிகின்றன. 2025 நவம்பரில் டித்வா புயல் பிரதான பாதையின் மலையகப் பகுதியைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. பதுளைக்குப் போக இருந்தவருக்கு அது பெரிய செய்தி. தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர் தன் பாதையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

திகதியும் அப்படித்தான். வடக்குப் பாதையில் அநுராதபுரத்துக்கு அப்பால் 2023 ஜனவரியில் திருத்த வேலைக்காக ரயிலை மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். அதுபோன்ற பழைய அறிவித்தல்கள் திகதி வெட்டுப்பட்டு இன்றைய செய்தி போலச் சுற்றி வருவதுண்டு. சந்தேகமென்றால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

படி 4: சில சிங்களச் சொற்கள்

அவசர மாற்றங்களைப் பெரும்பாலும் முதலில் சிங்களத்தில்தான் கேட்பீர்கள். "பிரமாதயி" என்றால் தாமதம். எங்கள் காதுக்கு அது பிரமாதம் என்று விழும். நான் வந்த புதிதில் ரயில் நன்றாக ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டிபன் பெட்டியோடு இருந்த அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டித் தலையை ஆட்டிய பிறகுதான் விளங்கியது. "அவலங்கு" என்றால் ரத்து. அது காதில் விழுந்தால் காத்திருக்காமல் மூன்றாவது வழிக்கு நடையைக் கட்டுங்கள். பஸ்ஸில் ஏறுமுன் "பிட்டகொட்டுவட்ட யனவத?" என்று கேட்டால் போதும், புறக்கோட்டைக்குப் போகுமா என்று அர்த்தம். பாதை மாறிய நாளில் பலகையில் உள்ள எண்ணைவிடக் கொண்டக்டரின் பதில்தான் சரியாக இருக்கும்.

படி 5: முன்பே தெரிந்த நாட்களைக் குறியுங்கள்

பெப்ரவரி 4 சுதந்திர தின விழா காலிமுகத்திடல் பக்கம் நடந்தால் விழாவுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்திய ஒத்திகைகளுக்கும் வீதியை மூடுவார்கள். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் காலி வீதி நகராது. அன்று ரயில்தான் நல்லது. போயா தினத்திலும் (பௌர்ணமி விடுமுறை) ஞாயிறிலும் அலுவலக ரயில்கள் குறைவு. வழக்கமான நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

படி 6: கட்டணமும் டிக்கட்டும்

பஸ் கட்டணத்தை வழக்கமாக ஆண்டுதோறும் ஜூலையில் மீளாய்வு செய்வார்கள், இடையிலும் மாறலாம். 2024 ஜூலையில் குறைந்த கட்டணம் 30 ரூபாயிலிருந்து 28 ஆனது, அதே ஆண்டு ஒக்டோபரில் 27 ஆனது. போன வருடம் வந்த நண்பன் சொல்லும் கணக்கை நம்பாமல், பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கும் கட்டண அட்டவணையைப் பாருங்கள். மேல் மாகாணத்தில் 2025 ஒக்டோபரிலிருந்து டிக்கட் கட்டாயம். தராவிட்டால் கேட்டு வாங்கி, இறங்கும்வரை வைத்திருங்கள். 2025 நவம்பரில் சில பாதைகளில் வங்கி அட்டையால் கட்டணம் செலுத்தும் முறையும் வந்தது, ஆனாலும் சில்லறை கையில் இருக்கட்டும்.

மிச்சக்காசு தராமலோ, அறிவிக்காமல் பாதி வழியில் இறக்கிவிட்டோ போனால் அங்கேயே சண்டை பிடிக்க வேண்டாம். பஸ்ஸின் இலக்கத் தகடு, பாதை எண், இடம், நேரம் நான்கையும் டிக்கட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு அன்றைக்கே அழையுங்கள்.