களப்பணிக்குப் போகும் நர்சம்மாவை ஓய்வெடுக்க விடாமல் செய்யும் சில தவறுகள்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. அங்கே கர்ப்பிணிகளைப் பதிவதும், புதன்கிழமை தடுப்பூசி போடுவதும், அதையெல்லாம் பிக்மியில் (கர்ப்பிணி, குழந்தை விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) ஏற்றுவதும் கிராம சுகாதார செவிலியரின் வேலை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு, பிபி மெஷினும் சுகர் மெஷினும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடக்கும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். இவர்கள் களைத்துப்போவதற்கு உடம்பை மட்டும் குறை சொல்லக் கூடாது, வேலையைத் திட்டமிடும் விதத்திலேயே தவறு இருக்கிறது.

முதல் தவறு, வேலை முடிந்ததும் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. களத்தில் வேலை எங்கே முடிகிறது? மீசில்ஸ் ரூபெல்லா தடுப்பூசி மருந்தைக் கரைத்தால் நேரம் எழுதி வைக்கிறோம், நாலு மணி நேரம் தாண்டினால் தூக்கிப் போடுகிறோம். ஊசி போடுகிறவர் காலையிலிருந்து எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று யாரும் எழுதுவதில்லை. மாதப் பயணத் திட்டத்திலேயே சாப்பாட்டு நேரத்தையும், உட்காரும் இடத்தையும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். கழிப்பறை இருக்காது என்ற பயத்தில் காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல் நடக்கிறார்கள், மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம், மதியத்துக்குள் தலைவலி, கிறுகிறுப்பு, நாளடைவில் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. தண்ணீர் குடிங்க சிஸ்டர் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தத் தெருவுக்குப் போகிறாரோ அங்கே எந்த அங்கன்வாடி, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வீட்டில் கழிப்பறைக்குப் போகலாம் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், அதை மேற்பார்வையாளர் செய்தால் இன்னும் எளிது.

நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம்தான் வீட்டில் இருப்பார்கள் என்று மாலையிலும் போகச் சொல்கிறார்கள். சரி, போகட்டும். ஆனால் அதற்குப் பதிலாக மதிய நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், சித்திரை வெயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நடக்க வைத்துவிட்டு மாலையையும் கேட்பது கொடுமை.

அப்புறம் டீ. குடித்த டீயில் இருக்கும் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்காலம் குடித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை என்றால் ஆச்சரியமில்லை. மதியம் இருபது நிமிடம் கண்ணை மூடினால் அதைவிட நல்லது, ஒரு மணி நேரம் தூங்கினால்தான் எழும்போது மந்தமாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் கேட்கும் பழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள், காலையில் கேட்டாலும் அதே எண்ணிக்கைதான் வரும்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஸ்கூட்டிதான். பிரசவத்துக்குத் துணையாகப் போய் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு விடிகாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் உடலும் மூளையும் தடுமாறுவது, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பதற்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வண்டி ஓட்டுபவருக்கு நம் சட்டம் அனுமதிப்பதே 0.03 தான். அந்தக் காலையில் பஸ்ஸில் வாருங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள், வண்டியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.